டப்பாவை வைக்கப் போன இடத்தில் ஒரு வல்லூறு!

ஜியோகேச்சிங் என்றொரு விளையாட்டு. ஒருவர் சிறு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துத் தேடிப்போய், உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, டப்பாவைப் பழையபடி வைத்துவிட்டு வர வேண்டும். 2000 மே மாதம் ஜி.பி.எஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கிய ஓரிரு நாளில், ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை ஒளித்துவைத்து இதைத் தொடங்கிவைத்தார்.

மயிலாப்பூரைச் சேர்ந்த அந்தக் கல்லூரி மாணவிக்கும் ஒரு டப்பா வைக்க ஆசை. "கிண்டியில வெச்சுடேன்" என்றார் தாத்தா. அது தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. விளையாட்டின் விதியும் அதேதான்: இடத்துக்கு உரியவர் சம்மதம் வேண்டும், குழி தோண்டக் கூடாது. சரி, முதலில் இடம் பார்த்துவிட்டு வரலாம் என்று டிசம்பர் காலை ஒன்றில் இருவரும் பெசன்ட் நகர் உடைந்த பாலம் பக்கம் போனார்கள்.

அங்கேதான் அந்தப் பறவை. புறா அளவுதான், செங்கல் நிற முதுகு.

"பருந்தா?"

"இல்ல தாத்தா, பருந்து வட்டமடிக்கும். இது நிக்குது பாருங்க!"

கெஸ்ட்ரல். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வரும் சிறிய வல்லூறு. வாலை விசிறிபோல விரித்து, எதிர்க்காற்றில் சிறகடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும். தலை மட்டும் அசையாது. கண் கீழே புல்லில் இருக்கும். வெட்டுக்கிளியோ சுண்டெலியோ தெரிந்தால் அப்படியே இறங்கும். ரங்கநாதன் தெருவில் தீபாவளி நேரத்தில் ஒரே இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் புரியும். நிற்பதற்குத்தான் அதிக சக்தி செலவாகும். நடுவில் யாராவது விரட்டினால், அத்தனை உழைப்பும் வீண்.

போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். ஒரே நிமிடத்தில் பதில்: "லொகேஷன் அனுப்பு!" அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை பெரிய பெரிய லென்ஸோடு கூட்டம் வரும். டப்பா கண்டுபிடிக்கப்படுவதற்காகவே ஒளிந்திருக்கிறது. பறவை அப்படியா?

தாத்தா விடவில்லை. "நாகாலாந்துல என்ன ஆச்சு?" 2012-இல் அங்கே பாங்டி கிராமத்தருகே கூட்டமாக வந்திறங்கிய அமுர் வல்லூறுகள் ஆயிரக்கணக்கில் வலையில் சிக்கின. செய்தி வெளியே வந்தது. அடுத்த ஆண்டே வேட்டை நின்று, ஊர்க்காரர்களே காவலுக்கு நின்றார்கள். "இடம் தெரிஞ்சதாலதானே காப்பாத்தவும் முடிஞ்சுது?"

நியாயமான கேள்விதான். ஆனால், அங்கே காவலுக்கு ஓர் ஊரே இருந்தது. இங்கே இருந்தது இவர்கள் இரண்டு பேர்.

ஒருவழியாக, இ-பேர்டு செயலியில் 'அடையாறு கழிமுகம், கெஸ்ட்ரல் 1' என்று மட்டும் பதிந்தாள். குரூப்பில் கேட்டவருக்கு ஒரு ஸ்மைலி. டப்பா இன்னும் அவள் பையில்தான் கிடக்கிறது. தாத்தா மட்டும் அதைத் திறந்து, முதல் ஆளாகப் பெயரெழுதிவிட்டார்.