தட்டுச் சத்தம் கேட்காத மதியம்

பன்னிரண்டு மணி தாண்டினால் போதும், பிள்ளைகளின் பைக்குள் எவர்சில்வர் தட்டுகள் சத்தம் போடத் தொடங்கிவிடும். சமையல்கூடத்திலிருந்து தாளிக்கிற வாசமும் வந்துவிட்டால் அதற்குமேல் பின்னக் கணக்கு யாருக்கும் ஏறாது. இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன். மதியச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது, சூடாகவும் கிடைக்கிறது. மனசு என்னவோ அந்த வேப்பமரத்தடிப் பந்தியைத்தான் தேடுகிறது.

கோவில்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. பெற்றவர்கள் தீப்பெட்டி ஆபீசுக்கும் காட்டு வேலைக்கும் விடியற்காலையிலேயே போய்விடுவார்கள். வெறும் காப்பித்தண்ணியோடு வந்த பிள்ளை யாரென்று வகுப்பில் தெரியாது, பந்தியில் தெரிந்துவிடும். முதல் இரண்டு வாய்ச் சோற்றை மெல்லாமல் விழுங்கும். காலை உணவுத் திட்டம் 2022-ல்தான் வந்தது. அதைப் பார்க்க நான் பள்ளியில் இல்லை.

திங்கட்கிழமை மதியம் தனி. சனியும் ஞாயிறும் வீட்டில் எப்படிப் போயின என்பது அன்று தட்டில் தெரியும். "இன்னைக்குத் திங்கக்கெழமை டீச்சர், எல்லாம் ரெண்டாந்தடவை கேக்கும்" என்று ஆயாம்மா முன்கூட்டியே சொல்லிவிடுவார். பிள்ளைகளுக்குப் போடுமுன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று நான் சொன்னால் அந்த அம்மாவின் முகம் வாடிப்போகும். அடுத்த நாள் கரண்டியை என்னிடம் நீட்டிவிட்டுக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பார். புகையில் சிவந்த அந்தக் கண்களை இன்னும் மறக்க முடியவில்லை.

முட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது. 1998-ல் வாரம் ஒன்று. 2010-ல் வாரத்தில் ஐந்து. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இருந்த காலத்தில் பாதி முட்டை டவுசர் பைக்குள் போகும். "தம்பிக்கு டீச்சர்" என்பார்கள். இங்கேயே சாப்பிட வைக்க வேண்டும் என்பதுதான் விதி. அந்தப் பையைத் திறந்து காட்டு என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வரவில்லை. ஐந்து முட்டை வந்த பிறகு பை காலியாகவே வீட்டுக்குப் போனது. ஓர் அரசாணை என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

பிள்ளைகள் முதலில் தெருவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. வருகைப் பதிவேட்டு வரிசையில் உட்கார வைத்தேன். ஒரு தகப்பனார் வந்து சத்தம் போட்டார். மறுநாளும் அதே வரிசைதான். சில வாரங்களில் பிள்ளைகள் ஊறுகாயைப் பங்கு போட ஆரம்பித்துவிட்டார்கள். முருங்கைக்காயை யார் நன்றாகச் சப்புவது என்று அவர்களுக்குள் போட்டி வேறு.

என் அம்மா காமராசர் 1956-ல் கொண்டுவந்த மதிய உணவைச் சாப்பிட்டுப் படித்தவர். எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கிய சத்துணவைப் பரிமாறும் இடத்தில் நான் நின்றேன். கையில் வாளியோடு நின்ற நேரங்களில் அம்மாவின் நினைப்பு வரும். பள்ளிக்கூட வேலையில் இன்றைக்கும் நான் ஏங்குவது அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். சம்பளமோ மரியாதையோ மாணவர்களின் தேர்ச்சி விழுக்காடோ இப்படி நினைவில் வருவதில்லை.

இன்று பள்ளியில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மதிய மணி அடித்ததும் பந்தியின் கடைசிக்குப் போய் நில்லுங்கள். இரண்டாந்தடவை கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அது வாய் திறக்கும்வரை காத்திருக்காமல், ஒரு கரண்டி சோறு போடச் சொல்லுங்கள்.