ஒரே மண், இரண்டு பப்பாளி: ஹவாய் தோட்டங்களில் ஒரு சீட்டின் கதை

பசிபிக் பெருங்கடலின் நடுவே கிடக்கிறது ஹவாய் தீவுக்கூட்டம். அமெரிக்காவின் ஒரு மாநிலம். அதிலுள்ள பெரிய தீவின் கிழக்குக் கரையில் ஹீலோ என்ற நகரம். அங்கிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் போனால் புனா வட்டாரம். பெயரைக் கேட்டு மகாராஷ்டிராவின் புனே என்று நினைத்துவிட வேண்டாம். இது பப்பாளிக்குப் பேர்போன ஊர்.

கரிசல் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் புனாவின் கருமை புதிதாக இருக்கும். அது மண்ணே அல்ல. எரிமலைக் குழம்பு ஓடி, ஆறி, இறுகிய கல். அதில் ஏர் இறங்காது. புல்டோசரை விட்டு உடைத்து நிரவுகிறார்கள். இடைவெளி விட்டுக் குழி எடுத்து, குழிக்குச் சில விதைகள் ஊன்றுகிறார்கள். பூ எடுக்கும்போது பார்த்து, இருபால் பூ உள்ள ஒரு செடியை விட்டுவிட்டு மற்றவற்றைக் களைந்துவிடுகிறார்கள். மழைக்குக் குறைவில்லை. ஆனால் எவ்வளவு பெய்தாலும் கல் இடுக்கு வழியாக வடிந்துவிடும். தண்ணீர் தேங்கினால் பப்பாளி வேர் அழுகும் என்பது தெரிந்ததுதானே? அந்தக் கவலை புனாவில் இல்லை. ஹவாயில் விளைந்த பப்பாளியில் 95 சதவிகிதம் ஒரு காலத்தில் இந்த ஒரே வட்டாரத்திலிருந்து போனது.

நோய் வந்தது

வளையப்புள்ளி வைரஸ் நோய் நம் பப்பாளி விவசாயிகளுக்குப் புதிதல்ல. இலை சுருங்கி நரம்பாகும், காயில் வளையம் வளையமாகப் புள்ளி விழும், மரம் தேய்ந்துபோகும். அசுவினிப் பூச்சி ஒரு மரத்தில் உறிஞ்சி அடுத்த மரத்தில் உட்கார்ந்தால் போதும், நோய் தாவிவிடும். மருந்தடித்துக் குணப்படுத்த வழியில்லை.

ஹவாயில் முதலில் ஓஹூ தீவில்தான் இந்த நோய் பப்பாளியை அழித்தது. அங்கிருந்து தப்பித்துத்தான் பப்பாளி சாகுபடி 1960களின் தொடக்கத்தில் புனாவுக்கு இடம் மாறியது. 1970களில் ஹீலோ வரை நோய் வந்துவிட்டது. நோய் கண்ட மரங்களைத் தேடித் தேடி வெட்டி, புனாவைப் பல ஆண்டுகள் காப்பாற்றினார்கள். 1992 மே மாதம் புனாவிலும் நோய் நுழைந்தது. மரங்களை வெட்டிக் கட்டுப்படுத்தும் முயற்சி 1994இல் கைவிடப்பட்டது. 1992இல் சுமார் 24,000 டன்னாக இருந்த புனாவின் விளைச்சல் 1998இல் சுமார் 12,000 டன்னாகச் சரிந்தது. பலர் தோட்டத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஹவாயில் பிறந்த டென்னிஸ் கொன்சால்வஸ் என்ற பயிர் நோயியல் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதற்கு முன்பே ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார்கள். வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவைப் பப்பாளிக்குள் சேர்த்தார்கள். அந்தச் செடியை வைரஸ் தாக்கவில்லை. அப்படி உருவான ‘சன்அப்’ ரகத்தையும், புனாவில் ஏற்கெனவே இருந்த ‘கபோஹோ’ என்ற சாதாரண ரகத்தையும் கலந்து ‘ரெயின்போ’ என்ற வீரிய ஒட்டு ரகம் வந்தது. 1998இல் விவசாயிகளுக்கு அதன் விதையை இலவசமாகவே கொடுத்தார்கள். தோட்டங்கள் மீண்டும் பச்சையாயின.

வாங்குபவர் கேட்ட கேள்வி

செடி பிழைத்தது. சந்தை அவ்வளவு சுலபமாகத் திரும்பவில்லை. ஹவாய் பப்பாளிக்கு நல்ல விலை தந்த நாடு ஜப்பான். அங்கே மரபணு மாற்றிய பழத்துக்கு அனுமதி இல்லை. ‘எங்களுக்குக் கபோஹோ மட்டும் வேண்டும். ஒரு பழம்கூட மாறி வரக் கூடாது’ என்பதுதான் ஜப்பானின் நிலை.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் மஞ்சள் பப்பாளி. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆகவே தோட்டத்திலிருந்தே பிரித்து வைக்க ஒரு முறை வகுத்தார்கள். கபோஹோ தோட்டத்துக்கும் ரெயின்போ தோட்டத்துக்கும் நடுவே பப்பாளியே இல்லாத 15 அடி இடைவெளி வேண்டும். மரத்துக்கு மரம் சோதனை செய்ய வேண்டும். ரெயின்போவுக்குள் அடையாளத்துக்காகச் சேர்த்த இன்னொரு மரபணு இருந்ததால், அதன் சிறு துண்டைச் சோதனைக் கரைசலில் போட்டால் நீல நிறம் வரும். நீலம் காட்டும் மரம் இருந்தால் அந்தப் பழம் ஜப்பானுக்குப் போகாது. பெட்டி கட்டுமுன் மீண்டும் மாதிரி எடுத்துச் சோதனை. ஜப்பான் துறைமுகத்தில் இன்னொரு சோதனை.

இந்த வேலை யார் தலையில் விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். புதிய ரகத்தை நட்டவர் தலையில் அல்ல. பழைய ரகத்தையே நட்டு, அதை அப்படியே விற்க நினைத்த விவசாயிதான் ‘என் பழம் மாறாதது’ என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. சுற்றிலும் நோய் தாங்கும் ரெயின்போ நின்றதால் வட்டாரத்தில் வைரஸின் அளவு குறைந்தது. அதனால்தான் கபோஹோ மீண்டும் ஓரளவு தப்பி விளைந்தது. மரபணு மாற்றாத பழம், மாற்றிய மரங்களின் காவலில் வளர்ந்தது.

சீட்டு ஒட்டியதும்

பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பரிசீலித்த பிறகு, 2011 டிசம்பரில் ஜப்பான் ரெயின்போவுக்கும் கதவைத் திறந்தது. நிபந்தனை ஒன்றுதான்: ஒவ்வொரு பழத்தின் மீதும் ‘மரபணு மாற்றப்பட்டது’ என்ற சீட்டு இருக்க வேண்டும். சீட்டு ஒட்டினால் விற்பனை படுத்துவிடும் என்ற பயம் விவசாயிகளுக்கு இருந்தது. ஆனால் ஒட்டாமல் ஒரு பழம்கூட உள்ளே போக முடியாது. அதற்குள் பிலிப்பைன்ஸ் பப்பாளி ஜப்பான் கடைகளில் இடம்பிடித்துவிட்டது. பழைய சந்தை முழுதாக மீளவில்லை. இருந்தாலும், விவரம் தெரிந்து வாங்குகிறவர், தெரிந்தே தவிர்க்கிறவர் இருவருக்கும் வழி கிடைத்தது.

அமெரிக்காவுக்குள் நிலைமை வேறு. அங்கே 1998 முதல் ரெயின்போ விற்பனையில் இருந்தும், கட்டாயச் சீட்டு பல ஆண்டுகள் இல்லை. 2016இல் சட்டம் வந்து, 2022 ஜனவரி 1 முதல் அது கட்டாயமானது. வைரஸ் தாங்கும் பப்பாளி அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் எழுத்துக்குப் பதிலாகக் கைப்பேசியில் ஸ்கேன் செய்யும் குறியீட்டை மட்டும் அச்சிடவும் அந்தச் சட்டம் வந்தபோது இடம் கொடுத்தது. கைப்பேசியோ சிக்னலோ இல்லாதவர் எப்படிப் படிப்பார் என்று நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்தன. தற்செயல் கலப்புக்கான வரம்பும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் 5 சதவிகிதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.9 சதவிகிதம்.

புனாவின் சோதனைகள் பயிரோடு முடியவில்லை. 2010, 2011 ஆண்டுகளில் அங்கே ஆயிரக்கணக்கான பப்பாளி மரங்களை யாரோ இரவில் வெட்டிச் சாய்த்தார்கள். 2018இல் கிலாவேயா எரிமலை பொங்கி, ரகத்துக்குப் பெயர் தந்த கபோஹோ ஊரையே மூடிவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகளும் பல பப்பாளித் தோட்டங்களும் போயின.

நம் ஊரில் என்ன நிலை?

இந்தியாவில் மரபணு மாற்றிய பப்பாளிக்கு அனுமதி இல்லை. 2002 முதல் வணிக சாகுபடியில் இருப்பது பி.டி. பருத்தி ஒன்றுதான். அதைத் துணியாக மட்டும் பார்க்கிறோம். அதன் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் சமையலுக்கும், பிண்ணாக்கு மாட்டுக்கும் போகிறது. இறக்குமதியாகும் சோயா எண்ணெயிலும் பெரும்பகுதி மரபணு மாற்றிய சோயா விளையும் நாடுகளிலிருந்து வருகிறது. மரபணு மாற்றிய உணவு உள்ள பாக்கெட்டின் முகப்பில், மேல் பகுதியில், ‘ஜி.எம்.’ என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி 1 முதல் இருக்கிறது. கடையில் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறவர்களுக்கு அந்த எழுத்து எளிதில் கண்ணில் படுவதில்லை. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவின் சுவடு அநேகமாக மிஞ்சாது என்பதால், எண்ணெயை மட்டும் சோதித்து மூலத்தைச் சொல்வதும் கடினம். கொட்டை வந்த இடத்திலிருந்தே கணக்கு வைத்திருந்தால்தான் சீட்டில் எழுதுவது உண்மையாகும். புனாவில் மரத்துக்கு மரம் சோதித்ததும் இதற்காகத்தான்.

விவசாயி விற்பவர், வாங்குபவர் என்ற இரண்டு இடத்திலும் நிற்கிறார். வாங்கும்போது ‘இது எதிலிருந்து வந்தது?’ என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. விற்கும்போது அதே கேள்விக்குப் பதில் சொல்ல, விதை வாங்கிய ரசீதையும், ரகத்தின் பெயர், லாட் எண் உள்ள பையையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்த வேண்டும். பாரம்பரிய ரகம் என்று சொல்லி விலை கேட்கிறவருக்கு இது இன்னும் முக்கியம். நிரூபிக்கும் செலவு நியாயமாகப் பகிரப்பட வேண்டும் என்று குழுவாகக் கேட்பதும் நல்லது. அந்தச் செலவு முழுவதையும் தனி விவசாயி சுமந்தால், அவருக்குக் கிடைக்கும் கூடுதல் விலை அதிலேயே கரைந்துவிடும்.

‘வைரஸே வராத ஜி.எம். பப்பாளி விதை’ என்று யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். அப்படியொரு விதைக்கு இங்கே அனுமதி இல்லை என்பதால், விற்கிறவர் சட்டத்தை மீறுகிறார், அல்லது பொய் சொல்கிறார். வளையப்புள்ளி நோய்க்கு இப்போதைக்குக் கைகொடுப்பவை பழைய வழிகள்தான்: அசுவினி புகாத வலைக்குள் நாற்று வளர்ப்பது, தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளமோ சோளமோ விதைப்பது, பக்கத்தில் பூசணி வகைகளைத் தவிர்ப்பது, நோய் கண்ட மரத்தைத் தயங்காமல் பிடுங்கி அழிப்பது.