கிறீனிச் குன்றும் பாட்டனாரின் கப்பல் மரமும்

இலண்டன் மாநகருக்குச் செல்வோர் கிறீனிச் குன்றில் ஏறுவது பெரும்பாலும் ஒரு கோட்டைக் காண்பதற்காகவே. புவியைக் கிழக்கென்றும் மேற்கென்றும் பிரிக்கும் நெடுங்கோடு, அங்குள்ள பழைய வானாய்வு நிலையத்தின் முற்றத்திலே நிலத்திற் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் இரு மருங்கிலும் ஒவ்வொரு காலை வைத்து நின்று படம் எடுத்துக்கொள்ள மக்கள் வரிசையில் நிற்கின்றனர். 2018 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் எம் இளவலின் வீட்டில் விருந்தினராய்த் தங்கியிருந்த நாமும் அவ்வரிசையில் அரை மணி நேரம் நின்றோம். நின்றதற்காக வருந்தவில்லை. ஆயினும் அன்று எம்மைப் பிடித்து நிறுத்தியது அக்கோடு அன்று. அருகிலுள்ள மாளிகையிலே கண்ணாடிக் கூட்டினுள் அசைந்துகொண்டிருந்த கடிகாரமொன்றும், அதனுள்ளே சுழன்ற சிறு மரத்துண்டுகளுமேயாம்.

கடலிற் செல்லும் கப்பல் தான் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்று அறிவதற்கு, புறப்பட்ட துறையின் நேரம் அதற்குத் தெரிந்திருத்தல் வேண்டும். நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை என்பது கணக்கு. யாழ்ப்பாணம் ஏறக்குறைய எண்பதாம் பாகையில் இருப்பதால், இங்கே சூரியன் உச்சிக்கு வந்து ஐந்து மணி இருபது நிமிடங்கள் சென்ற பின்னரே கிறீனிச்சில் உச்சிப்பொழுது ஆகின்றது. கணக்கு எளிது, ஆடும் கப்பலிலே நேரம் தவறாத கடிகாரந்தான் அரிது. கடலில் நெடுங்கோட்டை அறிய வழி காண்பவருக்கு 20,000 பவுண் வரை பரிசளிப்பதற்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1714 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. அப்பரிசை நாடி உழைத்தவர்களுள் ஒருவர் ஜோன் ஹரிசன் (1693–1776). அவர் தச்சரின் மகன், தாமும் தச்சர்.

அக்காலத்துக் கடிகார எண்ணெய் குளிரில் இறுகும், வெப்பத்தில் இளகும், நாட்பட்டால் பிசினாகிச் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். மற்றையோர் நல்ல எண்ணெயைத் தேடினர். ஹரிசனோ எண்ணெயே வேண்டாத கடிகாரத்தைத் தேடினார். தச்சர் அல்லவா, அவருக்கு மரங்களைத் தெரிந்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த, எண்ணெய்ப்பசை மிக்க ஒரு வைர மரத்தைக் கடைந்து, உராய்வு மிகுந்த இடங்களிலே பொருத்தினார். 1730 முதல் 1735 வரை அவர் ஆக்கிய முதற் கடற்கடிகாரம் ஏறத்தாழ 34 கிலோ நிறையுடையது. பார்வைக்குப் பித்தளைக் காடு. அதனுள்ளும் அம்மரம் இருக்கிறது. நாம் சென்ற நாளில் அவருடைய முதல் மூன்று கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றினும் புகழ் பெற்ற நான்காவதோ, பெரியதொரு பைக்கடிகாரம் போன்றது, நின்றபடியே இருந்தது. அதற்கு எண்ணெய் இட்டாக வேண்டும். இட்டு ஓட்டினால் தேயும் என்று ஓட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

மரத்தின் பெயரை வாசித்தோம்: லிக்னம் வைற்றே. இலத்தீன் மொழியில் ‘உயிர் மரம்’ என்று பொருள்படும். பதினாறாம் நூற்றாண்டிலே மேகநோய்க்கு இதன் பிசினை மருந்தாகக் கொண்டமையால் ஐரோப்பியர் இட்ட பெயர் இது. நோய் தீரவில்லை, பெயர் நிலைத்துவிட்டது. நீரில் இட்டால் அமிழும், தொட்டால் மெழுகுபோல் வழுக்கும், வெளிச்சம் பட்டால் பச்சை நிறம் கொள்ளும் என்னும் இயல்புகளை இளவல் தன் கைப்பேசியிலே தேடி உரக்க வாசித்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். “வீட்டிலை கிடக்கிற கட்டை, அண்ணா!” என்றான் அவன்.

அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். எம் அன்னையாரின் தந்தை திருக்கோணமலைக் கடற்படைத் தளத்திலே தச்சு வேலை பார்த்தவர். 1957 ஆம் ஆண்டில் அத்தளம் பிரித்தானியர் கையிலிருந்து இலங்கை அரசிடம் வந்தது. அவ்வாண்டே அவர் வேலையை விட்டு யாழ்ப்பாணம் திரும்பினார். திரும்பும்போது கழிவென்று ஒதுக்கப்பட்ட உருளைக் கட்டையொன்றைச் சாக்கிற் சுற்றிக் கொண்டுவந்தார். ஒன்பது அங்குல நீளம், நான்கு அங்குலக் குறுக்களவு, இரண்டேகால் கிலோ நிறை. ‘கப்பல் மரம்’ என்பதற்கு மேல் அவர் அதற்குப் பெயர் சொன்னதில்லை. “அதுக்குத் தண்ணிதான் எண்ணெய்” என்று மட்டும் அடிக்கடி சொல்வாராம். அதனை வேடிக்கைப் பேச்சென்றே வீட்டில் எல்லோரும் கொண்டனர். 1995 ஆம் ஆண்டு ஐப்பசி இடப்பெயர்விலே நாமனைவரும் கைக்கு அகப்பட்டதோடு தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பியபோது கூரை இல்லை. பெட்டகமும் நிலைகளும் கறையானுக்கு இரையாகியிருந்தன. சேற்றுக்குள் முழுதாய்க் கிடந்தது இக்கட்டை ஒன்றே. அன்று முதல் அன்னையார் அதனை யாரையும் தொடவிடுவதில்லை.

பாட்டனாரின் பேச்சு வேடிக்கையன்று என்பதும் கிறீனிச்சினாலேயே விளங்கிற்று. நீராவிக் கப்பல்களில் சுழலியின் தண்டு கடலுக்குள் நீளுமிடத்திலே ஆரம்பத்தில் பித்தளைத் தாங்கிகளை வைத்தனர். அவை விரைவில் தேய்ந்து, தண்டு ஆடி, நீர் உட்புகுந்தது. கிறீனிச்சில் இயந்திரப் பட்டடை நடத்திய ஜோன் பென் என்பவர் 1854 ஆம் ஆண்டிலே, இம்மரத்தைக் கீற்றுக்களாக அறுத்துத் தண்டைச் சூழப் பொருத்தி, இடையிடையே கடல்நீர் ஓட வழிவிடும் முறைக்கு உரிமை பெற்றார். மரத்தின் பிசினும் கடல்நீருமே அங்கே மசகு. பின்னர் நெடுங்காலம் உலகத்துக் கப்பல்கள் இவ்வகைத் தாங்கிகளின் மேல் ஓடின. ஹரிசனின் கடிகாரம் நிற்கும் குன்றும் பென்னின் பட்டடை இருந்த நிலமும் ஒரே ஊரில் அமைந்ததை எண்ணிக்கொண்டே குன்றை விட்டு இறங்கினோம். அன்று தேம்சு நதியில் நாம் ஏறி வந்த படகின் தண்டு எதன்மேற் சுழன்றதோ, கேட்க மறந்துவிட்டோம்.

ஊர் திரும்பியதும் கட்டையை ஐயமறத் துணிய விரும்பினோம். அயலவர் ஒருவர் அதனைக் கருங்காலி என்றார். எமக்கு அறிமுகமான கடைசற்காரர் ஒருவர் பழுத்த பாலை என்றார். வாளித் தண்ணீரில் இட்டோம், மூழ்கிற்று. ஆனால் நல்ல கருங்காலியும் மூழ்கும், பாலை வைரமும் சில வேளை மூழ்கும். ஆதலின் அது ஒன்றே சான்றாகாது. வெட்டு முகத்தைச் சுரண்டிப் பார்த்தோம். வெளியே மஞ்சள் வளையமாக வெளிறு, உள்ளே பச்சை கலந்த கபில நிற வைரம். தேய்த்துச் சூடாக்கினால் மெல்லிய நறுமணம், கைவிரலில் மெழுகு. பின்னர் எம் மாணவர் முன்னிலையில் ஒரு சோதனை செய்தோம். சீவலை எதனோலில் ஊறவைத்து, அச்சாற்றை வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் இட்டு, ஐதரசன் பரவொட்சைட்டுத் துளி ஒன்று சேர்த்தோம். கிழங்கின் முகம் நீலமாயிற்று. பாலைச் சீவலின் சாறு அவ்வாறு செய்யவில்லை. உயிர் மரத்துப் பிசினின் இந்நீல நிறத்தைக் கொண்டே மலத்தில் மறைந்துள்ள குருதியை மருத்துவ ஆய்வுகூடங்கள் கண்டறிந்து வந்துள்ளன. மாணவர்களுக்கு இன்னொரு செய்தியும் வியப்பைத் தந்தது. இம்மரம் எமது ஒழுங்கைகளிற் காலைக் குத்தும் நெருஞ்சியின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இனி அன்னையாரின் சம்மதம். அவருக்குப் பற்கள் போய்விட்டன. வெற்றிலை இடிக்கும் சிற்றுரல் இடப்பெயர்வோடு தொலைந்தது. அம்மியில் நசுக்கித்தான் போட்டுவந்தார். இக்கட்டையில் உரல் கடைவோமா என்று கேட்டபோது மூன்று மாதம் மறுமொழி இல்லை. ஒருநாள் தாமாகவே சொன்னார்: “ஐயா இதைப் பூட்டி வைக்கிறதுக்குச் சுமந்துகொண்டு வரேல்லை, தம்பி. ஒரு வேலைக்கு உதவும் எண்டுதான் கொண்டந்தவர்.”

கடைசற்காரர் கட்டையை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிழைத்தால் மாற்றுக்கு வேறொன்று இல்லை என்பதை அவரும் அறிவார். இம்மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. அளவுக்கு மிஞ்சி வெட்டப்பட்டமையால் இன்று அவற்றின் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. முதலில் ஒரு முனையிலே மயிரிழை போன்ற வெடிப்பொன்றைக் கண்டார். அது எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் பொறியில் ஏற்ற அவர் இசையவில்லை. வாளால் இரண்டரை அங்குலம் அறுத்து நீக்கினார். அதற்கு மட்டும் ஒரு முற்பகல் சென்றது. வெடிப்பு அத்துண்டோடு முடிந்திருந்தது. எமக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பொறியிற் பிடிப்பதற்கு வேறு மரத்துண்டைப் பசையால் ஒட்டும் வழக்கமான முறை பலிக்கவில்லை. எண்ணெய்ப்பசையில் பசை பற்றாமல் கழன்றது. ஆகவே கட்டையின் அடியிலேயே ஒரு குமிழ் கடைந்து அதனைப் பற்றச் செய்தார். இழைகள் ஒன்றுக்கொன்று எதிராய்ப் பின்னியிருந்தமையால் உளி வெட்டுவதற்குப் பதில் பிய்த்தது. வேகத்தைக் குறைத்து, வெட்டாமற் சுரண்டினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாணைக்கல்லுக்குப் போனார். “மாஸ்ரர், இது உளியைத் தின்னுது. சீவல் வரேல்லை, மெழுகு வருகுது” என்றார். உட்குடைவு சூடேறினால் வெடிக்குமென்று இடையிடையே நிறுத்தி ஆறவிட்டார். தூள் மூக்கிலேறித் தும்மினார், நாமும் தும்மினோம். அரத்தாளோ சிறிது நேரத்தில் பிசின் அடைத்து வழுவழுத்துப் போயிற்று. முடிவில் வானிஷ் பூசத் தொடங்கியவரைத் தடுத்தோம். இம்மரத்தில் அது எளிதில் உலராது. சுழலும் உரலின்மேல் அதன் சீவலையே ஒரு கைப்பிடி அழுத்திப் பிடிக்கச் சொன்னோம். கண்ணெதிரே மினுக்கம் ஏறிற்று. நாற்பது ஆண்டுத் தொழிலில் இப்படியொன்றைக் கண்டதில்லை என்றார் அவர். கூலியைப் பாதியே வாங்கினார். மீதிக்கு ஒரு பிடி சீவலைக் கேட்டு எடுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டார்.

உரல் நான்கு அங்குல உயரம். உலக்கைக்கு நீளம் போதாமையால் அதனைப் பாலையில் கடைந்தார். வெடிப்புள்ள துண்டு எமது பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கிறது; ஆண்டுதோறும் ஒரு சிட்டிகை சுரண்டிக் கிழங்கை நீலமாக்குகிறோம்.

புதிதாய்க் கடைந்தபோது உரல் கபில நிறமாகவே இருந்தது. யன்னற்படியில் வைத்திருந்ததால், வெளிச்சம் பட்ட பக்கம் சில வாரங்களில் பச்சை கொள்ளத் தொடங்கிற்று. அன்னையார் வெற்றிலையை இடித்து முடித்ததும் இப்போதெல்லாம், “மற்றப் பக்கத்தைத் திருப்பி வை, தம்பி” என்கிறார்.