மலையேறி வரும் புகை

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரை விட்டதும் நெடுஞ்சாலை 18 வளைந்து வளைந்து மலையேறுகிறது. க்ரெஸ்ட்லைன் தாண்டி ஒரு பார்வை மேடையில் வண்டியை நிறுத்தினோம். கோடைப் பிற்பகல். கீழே ஊர்கள் தெரிய வேண்டிய இடத்தில் பழுப்பு மூட்டம்தான் தெரிந்தது. காலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் சாலைகளில் கார்கள் கக்கிய புகை, கடற்காற்று தள்ளத் தள்ளக் கிழக்கே நகர்ந்து, இந்த மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறி வருவதற்குள் அது வேறொன்றாக மாறிவிடுகிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் எரியாத பெட்ரோல் ஆவியும் வெயில் பட்டு, முக்கியமாகப் புற ஊதாக் கதிர் பட்டு, ஓசோனைப் பிறப்பிக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் கண்டு சொன்னது இது.

அதே காலத்தில்தான் இந்த மலையின் பாண்டரோசா பைன்கள் காரணம் புரியாமல் மஞ்சளித்தன. பூஞ்சையா, பூச்சியா என்று தேடியும் பிடிபடாததால் 'எக்ஸ் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். ஓசோன்தான் காரணம் என்று உறுதியானது 1960களில்.

சாலையோரம் தாழ்ந்து நின்ற ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தேன். பைன் கிளையில் ஒவ்வோர் ஆண்டு வளர்ச்சியும் தனித்தனிக் கணுவாகத் தெரியும். நல்ல காற்றில் நிற்கும் மரம் பல ஆண்டு ஊசிகளைச் சேர்த்து வைத்திருக்கும். என் கையிலிருந்த கிளையில் நுனியில் மட்டும் பச்சை. அதற்குப் பின்னால் இருந்த பழைய ஊசிகளில் ஓரம் தெளியாத மஞ்சள் திட்டுகள். அதற்கும் பின்னால் வெறுங்குச்சி. புகை உதிர்த்தது போக மிஞ்சியது அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்க முடியாதது, இந்த மரம் வெயிலுக்குப் பயந்ததே இல்லை என்பது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். பைன் அதற்குத் தயாராகவே பிறந்தது. ஊசியின் மேல் மெழுகு, அதன் கீழே தடித்த தோல், அந்தத் தோலுக்குள் கதிரை உறிஞ்சிக்கொள்ளும் ஃபீனால் சேர்மங்கள். முற்றிய ஊசியில் புற ஊதா-பி கதிர் உள்ளேயிருக்கும் பச்சைத் திசுவை அநேகமாக எட்டுவதே இல்லை. தளிர் ஊசிகளுக்குத்தான் ஆபத்து. கோட்டைச் சுவர் போன்ற இந்தக் காப்பு ஓசோனிடம் பலிக்கவில்லை. அது சுவரை மோதுவதில்லை. மரம் கரியமில வாயுவை இழுக்கத் திறக்கும் இலைத்துளைகள் வழியே உள்ளே போய், உணவு சமைக்கும் செல்களை அரிக்கிறது.

துளையை மூடினால் தப்பலாம். வறண்ட கோடையில் நீரைக் காக்க மரம் அப்படித்தான் செய்கிறது, ஓசோனும் குறைவாகவே நுழைகிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் துளைகள் திறந்திருக்கும், விஷமும் தாராளமாக உள்ளே போகும். நல்ல மழையே மரத்துக்கு எதிராகத் திரும்புவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஓசோன் தனியே ஒரு பெரிய மரத்தைச் சாய்ப்பது அரிது. ஊசி குறைந்தால் உணவு குறையும், பிசின் ஊற்றும் தளரும். பட்டையைத் துளைக்கும் வண்டை மூழ்கடித்துத் துரத்துவது அந்தப் பிசின்தான். அது வற்றிய மரத்தில் வண்டுகள் குடியேறிவிடுகின்றன.

1970இன் தூய காற்றுச் சட்டமும், 1975 முதல் கார்களில் வந்த, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஓசோனின் உச்ச அளவுகளை வெகுவாக இறக்கின. சட்டம் போட்டால் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனாலும் க்ரெஸ்ட்லைன் இன்றும் அமெரிக்காவில் ஓசோன் மிகுந்த இடங்களில் ஒன்று. பாண்டரோசா விழுந்த இடங்களில் ஓசோனைக் கூடுதலாகத் தாங்கும் வெள்ளை ஃபிர் மரமும் இன்சென்ஸ் சீடர் மரமும் நெருக்கி வளர்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் காடு பச்சையாகவே இருக்கும். ஆனால் தீ பிடித்தால் வேறுபாடு தெரியும். தடித்த பட்டையால் தரைத்தீயைத் தாங்கி நிற்பது முதிர்ந்த பாண்டரோசா. இளம் ஃபிர்ரின் தாழ்ந்த கிளைகளோ தீயை உச்சிக்கு ஏற்றிவிடும்.