கையில் இல்லாத சரக்கு

முதல் போடாமல் செய்யும் வணிகம் எங்கள் கடற்கரைக்குப் புதியதன்று. உப்பு, கருவாடு, கருப்பட்டி, முத்து என எதை எடுத்தாலும் அதன் நடுவே ஒரு தரகர் இருந்திருக்கிறார். அவரிடம் கிடங்கு இல்லை, படகு இல்லை, அளமும் இல்லை. இரு பக்கத்தாரையும் அறிந்திருப்பதே அவருடைய முதல். எனவே, "சரக்கு வாங்கி அடுக்காமலே இணையத்தில் கடை வைக்கலாமாம் மாமா, கடையைக் கட்டித்தரவும் காசு வேண்டாமாம்" என்று என் தங்கை மகள் சொன்னபோது எனக்குப் பெரிய வியப்பு ஏற்படவில்லை.

டிராப்ஷிப்பிங் என்று அதற்குப் பெயர். தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைபெறவில்லை. 'கைச்சரக்கில்லா வணிகம்' என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். முறை எளிது. யாரோ ஒருவரிடம் இருக்கும் பொருளின் படத்தை நம்முடைய இணையக்கடையில் வைக்கிறோம். வாங்குபவர் நம்மிடம் பணம் கட்டுகிறார். நம் இலாபத்தை எடுத்துக்கொண்டு மீதியையும் முகவரியையும் சரக்கு வைத்திருப்பவருக்கு அனுப்புகிறோம். அவர் பொட்டலம் கட்டி நேரே வாங்குபவருக்கு அனுப்பிவிடுகிறார். பொருள் நம் கண்ணில் படுவதே இல்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் இந்தக் கடைக்கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். புத்தகங்களை அஞ்சலில் வரவழைத்துப் படித்தவர்கள் நாம். வி.பி.பி. என்ற மூன்றெழுத்து இல்லாவிட்டால் சிற்றூர்களில் பலருடைய புத்தக அலமாரிகள் காலியாகவே கிடந்திருக்கும். 1877-இல் இந்திய அஞ்சல்துறை தொடங்கிய ஏற்பாடு அது. பொருளை அஞ்சல்காரர் கொண்டுவருவார்; பணத்தைக் கொடுத்தால் கையில் தருவார்; பணம் விற்றவருக்குப் போய்ச் சேரும். 2010-இல் ஃபிளிப்கார்ட் நிறுவனம் 'பொருள் வந்தபின் பணம்' என்று அறிமுகப்படுத்தியது இதன் பேரப்பிள்ளையைத்தான். முகம் தெரியாத இருவர் ஒருவரையொருவர் எப்படி நம்புவது என்ற கேள்விக்கு அன்று அஞ்சல்காரர் விடையாக இருந்தார். இன்றைய விடை என்ன என்பதே என் கவலை.

தங்கை மகள் ஆறுமுகநேரியில் இருக்கிறாள். கணவருக்கு உப்பளத்தில் வேலை. ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் அளத்தில் வேலை நின்றுபோகும். தை வரைக்கும் வீட்டில் வரவு என்று ஒன்று இராது. அந்த மூன்று மாதத்தை நிரப்பத்தான் அவள் வழி தேடினாள். சில ஆண்டுகளுக்கு முன் கைப்பேசியில் சேலைப் படங்களைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பி விற்றுக்கொடுக்கும் வேலையைச் செய்தாள். இந்தியாவில் இம்முறையைப் பெரிதாக வளர்த்தது மீஷோ. 2015-இல் விதித் ஆத்ரே, சஞ்சீவ் பர்ன்வால் என்ற இருவர் பெங்களூரில் தொடங்கியது. வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப் மூலம் மறுவிற்பனை செய்த இல்லத்தரசிகளின் உழைப்பில் அது வளர்ந்தது. பின்னர் அந்நிறுவனமே வாங்குபவர்களுக்கு நேரே விற்கும் சந்தையாகத் தன்னை மாற்றிக்கொண்டது. நடுவில் நிற்பவருடைய இடம் எப்போதும் ஒற்றைக்கால் இருக்கைதான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அவள் விற்றுக்கொடுத்தது வேறொரு சிறு மொத்த வியாபாரிக்காக. அடுத்த தெருவில் ஒரு பெண்ணின் வளைகாப்புக்காகப் பச்சைப் பட்டுச்சேலை கேட்டிருந்தார்கள். வந்தது சாயம் ஒட்டும் ஒரு நைலான் துணி. விழா மறுநாள். வியாபாரியின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. அவள் தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்துத் தீர்த்தாள். "சேலையை நான் தொட்டுக்கூடப் பாக்கல மாமா. ஆனா ஏச்சு மட்டும் எனக்குத்தான வந்துச்சு" என்றாள். இந்த வணிகத்தைப் பற்றி நான் படித்த எல்லா விளக்கங்களையும்விட அந்த ஒரு வாக்கியம் தெளிவானது. சரக்கைக் கையில் வைத்துக்கொள்ளாத கடைக்காரர், பழியை மட்டும் கையிருப்பாக வைத்திருக்கிறார். மாநகரத்தில் அந்தப் பழி ஒரு வசைக் குறிப்போடு முடிந்துவிடும். ஆறுமுகநேரியில் அது கோவில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் கூடவே வரும்.

பழைய முத்துக்குளிப்பின் ஏலத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு தொடர்ந்து நடந்தது 1955 முதல் 1961 வரை. குளித்தெடுத்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது எடுத்தவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சிப்பியை அழுகவிட்டுக் கழுவிப் பார்த்தபின்தான் விடை. மூவரும் ஒரே இருட்டில் நின்றதனால் அந்தச் சூதில் ஒரு நேர்மை இருந்தது. கைச்சரக்கில்லா வணிகத்தில் வாங்குபவருக்குத் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அனுப்புகிற ஒருவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். குறை அங்கேதான்.

உப்பளத்தில் கணக்கு எழுதிய பழக்கத்தால் அவளுக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். சேலை ஒன்று 450 ரூபாய்க்குக் கிடைத்து 550-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். பத்து பேர் கேட்கிறார்கள். பொருள் வந்தபின் பணம் என்றால் இருவராவது கதவைத் திறக்காமல் திருப்பி அனுப்புவார்கள். எட்டுச் சேலையில் இலாபம் 800. திரும்பிய இரண்டுக்கும் போக வர அனுப்புக்கூலி 70 வீதம் 280 போயிற்று. முகநூலில் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கச் சேலைக்கு 40 என்றால் 400 போயிற்று. மிச்சம் 120 ரூபாய். அந்த எட்டில் ஒன்று சாயம் போய்ப் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால் 430 ரூபாய் கைநட்டம். எண்கள் உதாரணத்திற்காகச் சொன்னவைதாம். ஆனால் தொழிலின் எலும்புக்கூடு இதுவே. முதல் தேவையில்லை என்பது மெய். நட்டம் வராது என்பது அதிலிருந்து பெறப்படாது.

இலவசக் கடை என்பதையும் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். ஜியோசிட்டீஸ் தளத்தில் இலவசப் பக்கம் வைத்திருந்தவர்கள் நம்மிடையே இருப்பார்கள். 2009-இல் யாஹூ அதை மூடியபோது எத்தனையோ பேருடைய எழுத்து மறைந்தது. அண்மைக் காலத்தில், 2024 மார்ச்சில், சிறுவணிகர்களுக்குக் கூகுள் இலவசமாகக் கட்டித்தந்த வலைத்தளங்களும் நிறுத்தப்பட்டன. வூகாமர்ஸ் போன்ற மென்பொருள் இலவசம். அதை நிறுத்திவைக்கும் இடத்துக்கு வாடகை உண்டு. வாடகை இல்லாத மனையில் வீடு கட்டலாம், ஆனால் பட்டா நம்முடையதன்று என்பதை மறக்கக் கூடாது. ஆகவே வாங்கியவர்களின் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் தனியே எழுதி வைத்துக்கொள் என்றேன். தளம் போனாலும் நோட்டு இருக்கும்.

அவள் இந்தத் தொழிலைச் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சரக்கு வைத்திருப்பவர் பேருந்தில் போய்ப் பார்த்துவரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. பிறகு இருவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். எங்கள் ஊருக்குரிய உப்பு முதலிலேயே அடிபட்டது. ஒரு கிலோ உப்பின் விலையைவிட அனுப்புக்கூலி பலமடங்கு. பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வெற்றிலைக் கவுளி கூரியர் கிடங்கில் இரண்டு நாள் கிடந்தால் வாடிவிடும். தூத்துக்குடி மக்ரூன் வழியிலேயே நொறுங்கும். மிஞ்சியது, திருச்செந்தூரைத் தாண்டியிருக்கும் உடன்குடியின் கருப்பட்டி. அதற்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

கருப்பட்டிக்கும் தொல்லைகள் உண்டு. சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் மலிந்திருக்கிறது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே கறுத்திருக்கும். காய்ச்சும் விளையில் போய் நின்று பார்த்தவருக்கே வேறுபாடு தெரியும். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் இளகிவிடும், அவளுக்குப் பணம் தேவைப்படும் காலமோ அதுவே. எனவே காற்றுப் புகாத உறையும் அதற்குமேல் ஓலைப்பெட்டியும் என்று முடிவாயிற்று. பொட்டலம் கட்டுவதும் அனுப்புவதும் காய்ச்சுபவர் வீட்டிலேயே. அவளுக்குக் கிடங்கு வேண்டாம். வாரம் ஒருமுறை போய், கட்டுவதற்கு முன் ஒவ்வொரு வட்டிலும் ஒரு துண்டை உடைத்து வாயிலிட்டுப் பார்க்க வேண்டும். கைச்சரக்கில்லா வணிகத்தில் அவள் சேர்த்த திருத்தம் இந்த ஒன்றுதான்.

சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவர் தம் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும். குறை கேட்க ஓர் ஆளை வைக்க வேண்டும். பழுதான பொருளையோ விளம்பரத்தோடு ஒத்துவராத பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது. "நான் கட்டி அனுப்பவில்லை" என்பது அங்கே செல்லாது. உணவுப் பொருளாதலால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்பதென்றால், விற்றுமுதல் எவ்வளவு சிறியதானாலும் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும். ஆகவே இப்போதைக்குத் தமிழ்நாட்டுக்குள் மட்டும்.

கடைக்குப் பெயர் வைக்கும்போது ஆங்கிலத்தில் பளபளப்பாக ஏதேனும் தேர்வாள் என்று எதிர்பார்த்தேன். தன் பெயரையும் ஊரையுமே வைத்துக்கொண்டாள். திட்டுவதென்றால் ஆளைத் தேடி அலையக் கூடாதல்லவா என்று காரணம் சொன்னாள். அவள் போட்ட முதல் அதுதான். இலவசக் கடை கட்டித்தரும் எந்த நிறுவனமும் அதைத் தர முடியாது. நட்டம் வந்தால் அதை ஈடுகட்டவும் முடியாது.