மடிக்கணினியின் வாயைக் கட்டுதல்

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபெல், தொழிற்பகுதிக்கு 70 டெசிபெல் என வரம்பு வகுத்துள்ளன. டெசிபெல் என்பது ஒலியின் செறிவை அளக்கும் அலகு. சென்னையின் காலடிப்பேட்டையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புண்ணியத்தால், இந்த இரண்டு வரம்புகளும் ஒன்றோடொன்று கலந்துகிடக்கின்றன. அத்தனை இரைச்சலுக்கு நடுவே ஒரு மடிக்கணினி இயங்கத் தொடங்கும்போது எழுப்பும் சில விநாடி ஓசை பொருட்டா என்று கேட்கலாம். ஆனால் காது ஒலியின் அளவுக்குப் பழகிவிடுகிறதே தவிர மாறுதலுக்குப் பழகுவதில்லை என்பதால், லாரிச் சத்தத்தில் அயர்ந்து தூங்கும் குழந்தை தலைமாட்டில் கணினி இசைத்தால் விழித்துக்கொள்ளும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், படிப்பும் உறக்கமும் ஒரே அறையில் நடக்கும் வீடுகளுக்குள்ளும் இந்த ஓசையைக் கொண்டுவந்து சேர்த்தது.

திரையைப் பார்த்தபடி பொத்தானை அழுத்தியவருக்குத் தொடக்க ஒலி புதிதாக எதையும் சொல்வதில்லை. இருந்தும் நிறுவனங்கள் அதைத் தம் முத்திரையாகப் பேணின. விண்டோஸ் 95க்கான துணுக்கிசையை அமைத்தவர் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, அதுவும் போட்டி நிறுவனத்தின் மேக்கின்டாஷில். விண்டோஸில், கன்ட்ரோல் பேனலின் ஒலிப் பகுதியில் தொடக்க ஒலிக்கு இட்டிருக்கும் டிக் குறியை எடுத்துவிட்டால் அது அடங்கிவிடும். மேக்கிலோ, இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே, ஃபர்ம்வேர் எனப்படும், வன்பொருளில் பதிந்துள்ள நிரலிலிருந்து அந்த ஒலி எழுவதால், 2020இல் வந்த பிக் சர் பதிப்பு அதற்கெனத் தனித் தெரிவைத் தரும்வரை, முந்தைய நாள் அணைக்கும்போதே ஒலியளவைச் சுழியமாக்கி வைப்பதே பலருடைய வழக்கமாக இருந்தது.

எச்சரிக்கை ஒலிகளில் கைவைக்கும்போது நிதானம் வேண்டும், ஏனெனில் அவற்றின் வேலை பார்க்காதவரை அழைப்பது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, உறங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பியது நெடியும் மூச்சுத்திணறலுமே. அத்தகைய இடத்தில் ஒலி எத்தனை உரக்க இருந்தாலும் தகும். கணினியில் அதற்குச் சிறிதளவேனும் இணையாக நிற்பது, மின்வெட்டின்போது பேட்டரி தீர்வதைத் தெரிவிக்கும் ஒலி ஒன்றே. விண்டோஸின் ஒலி அமைப்பில், ஒட்டுமொத்தமாக ஒலியே இல்லாத தெரிவைத் தேர்ந்தால் இதுவும் சேர்ந்து போய்விடுமாதலால், ஒவ்வொன்றாக நீக்குவதே மேல். பார்வையற்ற பயனருக்குத் தொடக்க ஒலியையும் விட்டுவைக்க வேண்டும். திரைவாசிப்பான் பேசத் தொடங்கும்வரை கணினி இயங்கியதை அவர் அறியப் பெரும்பாலும் அதுவே வழி.