கிங்பின் உட்காரும் இடம்

2022 ஜனவரி 8, சனி

ஃபிஃப்த் வீல் ஹிட்ச் டிரக்கின் பின் பம்பரில் மாட்டப்படுவதில்லை. பின்தொட்டிக்குள், பின் அச்சுக்கு ஏறக்குறைய நேர் மேலே, கனத்த எஃகுத் தட்டாக உட்கார்ந்திருக்கும். டிரெய்லரின் மூக்கிலிருந்து கீழ்நோக்கி நீளும் முளைக்குக் கிங்பின் என்று பெயர். அதன் கழுத்து 2 அங்குல விட்டம். அது தட்டின் பிளவுக்குள் நுழைந்ததும் ஹிட்ச்சின் தாடை கழுத்தைக் கவ்விக்கொள்ளும். அதன் பிறகு டிரெய்லரின் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை டிரக்கின் முதுகில் ஏறிவிடும்.

பம்பருக்குக் கீழே பந்தில் மாட்டி இழுக்கும் சாதாரண டிரெய்லரில் இணைப்பு பின் அச்சுக்குச் சில அடி பின்னால் இருக்கிறது. பக்கவாட்டில் காற்று அடித்தால் அந்த நீளமே நெம்புகோலாகி டிரக்கின் வாலை ஆட்டும். கிங்பின்னின் எடை அச்சின் மேலேயே இறங்குவதால் அந்த ஆட்டம் பெருமளவு அடங்கிவிடுகிறது. கொலராடோவின் பௌல்டர் மாவட்டத்தில் மலையிலிருந்து இறங்கும் காற்றை அறிந்தவர்களுக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

அந்தக் காற்றுதான் டிசம்பர் 30 அன்று மணிக்கு 100 மைல் வேகத்தையும் தாண்டி அடித்தது. புல்வெளியில் பிடித்த தீ லூயிஸ்வில், சுப்பீரியர் ஊர்களுக்குள் புகுந்து ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. லூயிஸ்வில் குடும்பம் ஒன்றின் வீடும், கராஜில் நின்ற 8 அடித் தொட்டி டிரக்கும், தொட்டியில் இருந்த ஹிட்ச்சும் அதில் போயின. வடக்கே லாங்மான்ட் பக்கம் வாடகை இடத்தில் நிறுத்தியிருந்த டிரெய்லர் தப்பியது. இனி வீடு அதுதான். அதை நகர்த்த வண்டி இல்லை.

ஜனவரி 9

தீ எரிந்த மறுநாளே விழுந்த பனி சாம்பல் மேல் இன்னும் கிடக்கிறது.

ஜனவரி 12

ஹிட்ச்சைத் தீர்மானிப்பது முதலில் தொட்டியின் நீளம். பெரிய பிக்கப்களில் நெடிய தொட்டி 8 அடி, குட்டைத் தொட்டி ஏறக்குறைய ஆறரை அடி. சிறிய ரகங்களில் ஐந்தரை அடியும் உண்டு. நெடிய தொட்டியில் பின் அச்சுக்கும் கேபினுக்கும் நடுவே போதிய இடம் இருப்பதால் அசையாத சாதாரண ஹிட்ச் போதும். குட்டைத் தொட்டியில் அந்த இடம் சுருங்கிவிடுகிறது. வளைவில் திரும்பும்போது டிரெய்லரின் மூலை கேபினின் பின் கண்ணாடியை நோக்கி வரும்.

டீலரிடம் நெடிய தொட்டி வண்டி ஒன்றும் இல்லை. சிப் தட்டுப்பாட்டால் ஆர்டர் கொடுத்தாலும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நிலையில் யாரும் இல்லை.

ஜனவரி 20

டிரக்கின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது அது எவ்வளவு இழுக்கும் என்ற எண். ஃபிஃப்த் வீல் வாங்குபவர் பார்க்க வேண்டிய எண் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டைச் சீட்டில் இருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை ஏறலாம் என்று அது சொல்லும். அந்த வண்டிக்கென்று கணக்கிட்ட எண் அது. ஒரே மாடலில் வேறு இருக்கை, வேறு எஞ்சின் என்றால் மாறிவிடும். இழுவை எண் தாராளமாக இருக்கும்போதே இந்த எண் முடிந்துபோவது வழக்கம். வாங்கிய பிறகுதான் பலர் அந்தக் கதவைக் கவனித்துத் திறக்கிறார்கள். இதைவிட வருத்தம் தரும் தவறு இந்த விஷயத்தில் இல்லை.

டீலரிடம் நின்றவை முக்கால் டன் ரக வண்டிகள் இரண்டு. இரண்டுக்கும் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு. டீசல் வண்டியின் சீட்டில் 2,149 பவுண்டு, பெட்ரோல் வண்டியின் சீட்டில் 3,128. வித்தியாசம் பெரும்பாலும் டீசல் எஞ்சினின் கனமும் அதற்கான உறுப்புகளின் கனமும். வரம்பு ஏறாமல் வண்டி மட்டும் கனத்தால் குறைவது சுமைக்கான பங்கே.

மலை ஏற டீசல்தான் நல்லது, அதில் சந்தேகமில்லை. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கிறது. லூயிஸ்வில்லே 5,000 அடிக்கு மேல் இருக்கும் ஊர். இறக்கத்தில் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் பெரிய துணை. ஆனால் டிரெய்லரின் மொத்த எடை வரம்பு 11,000 பவுண்டு. சாமான் ஏற்றி 10,400 பவுண்டு என்று வைத்து, 21 சதவீதம் கிங்பின்னில் இறங்கினால் 2,184. மூன்று பேரும் நாயும் 400. ஹிட்ச்சும் அதன் தண்டவாளங்களும் 260. கூட்டினால் 2,844. டீசல் வண்டி கிங்பின்னின் எடையிலேயே தோற்றுவிடுகிறது.

ஜனவரி 22

பெட்ரோல் வண்டி வந்தாயிற்று. பத்து வயது மகன் அதில் ஏற மறுத்து நடந்தே போனான்.

பிப்ரவரி 5

ஹிட்ச்சை டிரக்கோடு கட்டுவதற்கு மூன்று வழிகள் பரவலாக இருக்கின்றன.

முதல் வழி, தொழிற்சாலையிலேயே தயாராக வருவது. தொட்டிக்கு அடியில் சேஸிஸோடு குறுக்குச் சட்டம் இணைந்திருக்கும். தொட்டித் தரையில் நடுவே ஒரு துளையும் சுற்றி நான்கு துளைகளும் இருக்கும். ஹிட்ச்சின் கால்களை அவற்றில் இறக்கித் திருகினால் முடிந்தது. வேண்டாதபோது கழற்றிவிட்டால் தரை வெறுமையாகக் கிடக்கும். இருப்பதிலேயே சுத்தமான ஏற்பாடு இதுதான். ஃபோர்டு, ராம், செவர்லே ஒவ்வொன்றுக்கும் துளை அமைப்பு வேறு என்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு வாங்கும் வசதி இது. கையிருப்பில் கிடைத்த வண்டியில் இல்லை.

இரண்டாவது, தொட்டியின் நடுவே ஒரு கூஸ்நெக் பந்துக்கான அமைப்பை அடியில் பொருத்தி, அதே துளையில் ஃபிஃப்த் வீல் ஹிட்ச்சை நிறுத்துவது. இந்த வழியில் அலுமினியத்தால் ஆன, சுமார் 40 பவுண்டே எடையுள்ள ஹிட்ச்சும் கிடைக்கிறது. ஒருவர் தனியாகத் தூக்கி இறக்கலாம். சுமைக் கணக்கில் 200 பவுண்டு மிஞ்சும் என்பது சின்ன விஷயம் இல்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. கிங்பின்னிலேயே நீண்ட குழாயை மாட்டி அதைக் கூஸ்நெக் பந்தில் இறக்கும் அடாப்டரும் கடையில் இருக்கிறது. மலிவு. ஆனால் இழுவிசை கிங்பின்னின் கழுத்தில் விழாமல், அதற்கு வெகு கீழே பந்தில் விழுகிறது. அந்த நீளம் நெம்புகோலாகி டிரெய்லர் சட்டத்தின் முன்பகுதியை முறுக்கும். சட்டத்தைச் செய்தவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் இதைப் பொருத்தக் கூடாது.

மூன்றாவது, பழைய வழி: தொட்டியில் குறுக்காக இரண்டு தண்டவாளங்கள். தரையைத் துளைத்து, அடியில் சேஸிஸில் போல்ட் போட்ட பிராக்கெட்டுகளோடு அவை இறுகும். பெரும்பாலான கம்பெனிகளின் ஹிட்ச்சுக்கும் இடைவெளி அளவு ஒன்றே என்பது இதன் பெரிய பலம். ஹிட்ச்சை மாற்றினாலும் தண்டவாளம் அப்படியே இருக்கும்.

பிப்ரவரி 6

கேபினில் இடிக்குமா என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. நாடாவும் பள்ளிக்கூடக் கணக்கும் போதும்.

பின் அச்சின் நடுவிலிருந்து கேபின் வரை அளந்தால் 42 அங்குலம். கிங்பின் அச்சுக்கு 1 அங்குலம் முன்னால் உட்கார வேண்டும். அப்போதுதான் முன்சக்கரங்களின் பிடி குறையாது. மிச்சம் 41. டிரெய்லரின் அகலம் 96 அங்குலம், பாதி 48. கிங்பின்னுக்கு முன்னால் டிரெய்லரின் முகம் 14 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, கிங்பின்னிலிருந்து மூலை வரை 48-இன் வர்க்கமும் 14-இன் வர்க்கமும் கூட்டிய 2,500-இன் வர்க்கமூலம்: 50 அங்குலம். திரும்பும்போது மூலை இந்த ஆரத்தில் சுற்றிவரும். இருப்பது 41. மூலை சதுரமாக இருந்தால் 40 பாகைக்குள்ளேயே கேபினைத் தொட்டுவிடும். புதிய டிரெய்லர்களில் மூலையைக் குடைந்து வளைத்திருப்பதால் இன்னும் கொஞ்சம் திரும்பலாம். முழுத் திருப்பம் முடியாது.

மேல் இடைவெளியும் உண்டு. தொட்டியின் பக்கச் சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பாகத்துக்கும் நடுவே குறைந்தது ஐந்தரை அங்குலம் வேண்டும். மேடு பள்ளத்தில் டிரக் ஒரு பக்கம் சாயும்போது அந்த இடம் போய்விடும். இப்போதைய டிரக்குகள் உயரமானவை. ஹிட்ச்சை உயர்த்தினால் டிரெய்லர் மூக்கைத் தூக்கி நிற்கும், அதன் பின் அச்சு அதிகச் சுமை தாங்கும். இரண்டுக்கும் நடுவே ஒத்துப்போகும் துளையைத் தேட வேண்டியதுதான்.

பிப்ரவரி 19

குட்டைத் தொட்டிக்கு மூன்று பரிகாரங்கள். கையால் நகர்த்தும் ஸ்லைடர்: தலைப்பகுதி தடத்தில் 10 முதல் 12 அங்குலம் பின்னுக்குப் போகும். தானாக நகரும் ஸ்லைடர்: டிரெய்லர் திரும்பும்போது தானே பின்னுக்கு நகர்ந்து, நேராகும்போது முன்னுக்கு வந்துவிடும், விலை இரண்டு மடங்குக்கு மேல், கனமும் கூட. மூன்றாவது, டிரெய்லர் பக்கத்தில் கிங்பின் பெட்டியையே மாற்றி, திரும்பும் புள்ளியைப் பின்னுக்குத் தள்ளுவது.

நெடுஞ்சாலையில் யாரும் 90 பாகை திரும்புவதில்லை. அந்தத் திருப்பம் வருவது நிறுத்தும் இடத்தில்தான். டிரெய்லர் போய் நிற்கப்போவது லாங்மான்ட் அருகே மனைவியின் அண்ணன் பண்ணையில். வாசல் குறுகிய தார்ச்சாலையிலிருந்து நேராகத் திரும்புகிறது. ஒருபுறம் பாசன வாய்க்கால், மறுபுறம் பருத்த காட்டன்வுட் மரம். மரத்தை வெட்டலாம் என்று அண்ணன் சொன்னார். இந்தக் குளிர்காலத்தில் மரம் எதுவும் போக வேண்டாம் என்று மனைவி மறுத்துவிட்டார். ஆகவே கையால் நகர்த்தும் ஸ்லைடர். 12 அங்குலம் பின்னுக்குத் தள்ளினால் இருக்கும் இடம் 53, வேண்டியது 50. மூன்று அங்குலம் மிச்சம்.

பிப்ரவரி 23

ஹிட்ச் வரவில்லை. காப்பீட்டுக் கடிதமும் வரவில்லை.

மார்ச் 5

தேர்ந்தது தண்டவாள வழி. அதைப் பொருத்துவது பொறுமையான வேலை. பட்டறைக்காரர் தொட்டித் தரையில் துளை போடும் முன் அடியில் படுத்து டார்ச் அடித்து, எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் போகும் வழியைச் சாக்பீஸால் தரையின் மேற்புறத்தில் வரைந்துகொண்டார். ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் துருத் தடுப்பு வண்ணம் பூசினார். தொட்டித் தரை நெளி நெளியாக இருப்பதால் போல்ட்டை இறுக்கினால் தகரம் அமுங்கும். நெளிவுக்குள் இடைவெளி அடைக்கும் எஃகுத் துண்டுகளை வைத்தார். டார்க் ஸ்பேனர் 'டக்' என்று சொன்ன பிறகுதான் அடுத்த போல்ட். முதல் பயணத்துக்குப் பின் எல்லாவற்றையும் மீண்டும் இறுக்கிப் பார்க்கச் சொன்னார். ஏழு முனை மின்சாக்கெட்டைத் தொட்டியின் உட்சுவரில் வைத்தார்.

மார்ச் 12, சனி

மாட்டும் முறை. டெயில்கேட்டை இறக்க வேண்டும். டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை. கிங்பின் பெட்டியின் அடித்தட்டு ஹிட்ச் தட்டைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்க, டிரக்கை மெல்லப் பின்னே விட்டால் தட்டு ஏறி உரசி உட்காரும். உயரமாக இருந்தால் தாடை கழுத்தைப் பிடிக்காமல் கிங்பின்னின் அடித்தலையைப் பிடித்ததுபோல் காட்டி ஏமாற்றும். டிரெய்லர் தொட்டியில் விழுந்து சுவரை நசுக்குவது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே டார்ச் அடித்து இரண்டைப் பார்க்க வேண்டும்: தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது, தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். கைப்பிடிக்குப் பூட்டு ஊசி, மின்கம்பி, டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் போடும் கயிறு. பிறகு டிரெய்லரின் கால்கள் தரையைத் தொட்டபடி இருக்கும்போதே, டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு டிரக்கை முன்னே இழுத்துப் பார்ப்பது. கழன்றால் அங்கேயே கழன்றுவிடும். டிரெய்லர் தொட்டிமேல் விழாது.

டார்ச் பிடித்தது மகன். வெளிச்சம் தெரியவில்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துச் சொன்னான்.

வாசலில் மூன்று அங்குலம் சரியாகவே இருந்தது.

மார்ச் 13

லாரி நிறுத்தங்களில் உள்ள 'கேட்' (CAT) எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் தனித்தனியே நிற்கும். ஒரு முறை டிரெய்லரோடு, ஒரு முறை டிரக் மட்டும் நின்றால் எல்லா உண்மையும் தெரிந்துவிடும்.

டிரெய்லரோடு: முன் அச்சு 4,160, பின் அச்சு 5,800, டிரெய்லர் 8,240. டிரக் மட்டும்: 4,140, 3,440. டிரக்கின் மேல் இறங்கியது 2,380 பவுண்டு. டிரெய்லரின் 10,620-இல் 22 சதவீதத்துக்கு மேல். ஊகித்ததைவிட ஏறக்குறைய 200 கூட. வீடு போன பிறகு வாங்கிய குளிர் ஆடைகளும் ஜெனரேட்டரும் மூக்குக்கு அடியில் உள்ள அறையில் இருக்கின்றன. டிரக்கின் மொத்த எடை 9,960. வரம்பு 10,000.

மார்ச் 26

பௌல்டரின் தெற்கே மதியம் புகை. சுமார் 19,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். லாங்மான்ட் பண்ணை அந்த எல்லைக்கு வெளியே இருந்தும், டிரெய்லர் இரவு முழுவதும் டிரக்கில் மாட்டியே நிற்கும். அப்படி நிறுத்துவதாக இருந்தால் கால்களை இறக்கிக் கொஞ்சம் சுமையை அவற்றில் விட வேண்டும். டிரக்கின் பேட்டரி வடியாமல் இருக்க மின்கம்பியைக் கழற்றி வைக்க வேண்டும். பூட்டு ஊசியைக் கழற்றக் கூடாது. ஸ்லைடர் முன்னே, பூட்டிய நிலையில் இருக்க வேண்டும்.

டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டி 50 கேலன். நிறைத்தால் 400 பவுண்டுக்கு மேல். தொட்டி டிரெய்லர் அச்சுக்கு முன்னால் இருப்பதால் அதில் ஒரு பங்கு கிங்பின்னில் வரும். 40 பவுண்டு மிச்சத்தில் அது அடங்காது. ஜெனரேட்டரைப் பின்னால் மாற்றி மறுபடி எடை பார்க்கலாம். கிங்பின்னின் பங்கு 15 சதவீதத்துக்குக் கீழே போகாத வரை அது சரி. ஒரு டன் ரக வண்டிக்கு மாறலாம். பணம் எங்கிருந்து என்று தெரியவில்லை. இன்றிரவு தண்ணீர்த் தொட்டியை நிறைப்பதா வேண்டாமா என்று பேசி முடிவாகவில்லை.